இரண்டு கிண்ணம் ஏந்திய தேவதை

வேலை பெரிதா, வீடு பெரிதா?

இந்தக் கேள்வி எழாத குடும்பம் கிடையாது. பொழுது விடிந்தது முதல் கணவன் உழைக்கிறான். மனைவியும் வேலைக்குப் போகிறாள். திரும்பி வந்ததும் அடுப்படியில் நிற்கிறாள். குழந்தை ஏதோ சொல்ல ஓடி வருகிறது. "அப்புறம் வா" என்கிறார்கள். அந்த "அப்புறம்" வருவதே இல்லை!

சம்பளம் வருகிறது. ஆனால் தூக்கம் வருவதில்லை. வீட்டில் இருக்கும்போது வேலையைப் பற்றிய கவலை. வேலையில் இருக்கும்போது வீட்டைப் பற்றிய கவலை. இரண்டு படகில் கால் வைத்தவன் கதைதான்.

இதற்கு வழி கேட்டுச் சிலர் டாக்டரிடம் போகிறார்கள். சிலர் பெரியவர்களிடம் யோசனை கேட்கிறார்கள். வேறு சிலர் டாரட் சீட்டுப் பார்ப்பவர்களைத் தேடிப் போகிறார்கள்.

டாரட் என்பது படம் போட்ட ஒரு சீட்டுக்கட்டு. ஐரோப்பாவில் பிறந்தது. இன்று உலகத்தின் பல நகரங்களில் அதை வைத்துக் குறி சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க வந்தவர் சீட்டைக் கலைத்து எடுப்பார். வந்த படத்தைப் பார்த்து, எதிரே இருப்பவர் பலன் சொல்வார்.

நாளைக்கு நடக்கப் போவது சீட்டுக்குத் தெரியுமா?

தெரியாது!

அப்படியானால் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானா? அதற்கும் அவசியம் இல்லை. அந்தப் படங்களில் சில, உழைப்பைப் பற்றியும் ஓய்வைப் பற்றியும் நல்ல கேள்விகளைக் கேட்கின்றன. பதில் சொல்ல வேண்டியவன் மனிதன். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டவருக்குச் சீட்டினால் லாபம் உண்டு. தெரிந்துகொள்ளாதவருக்குப் பணமும் போகும், நிம்மதியும் போகும்.

பிரபுக்கள் ஆடிய ஆட்டம்

இந்தச் சீட்டு எங்கிருந்து வந்தது?

"எகிப்து நாட்டுப் பூசாரிகள் மறைத்து வைத்த ரகசியம் இது" என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது உண்மை அல்ல.

டாரட் பிறந்தது இத்தாலி நாட்டில். ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு முன்பு.

1440-ம் ஆண்டில், புளோரன்ஸ் நகரத்துப் பத்திர எழுத்தர் ஒருவர், ஒரு பிரபுவுக்கு இத்தகைய சீட்டுக்கட்டைக் கொடுத்ததாகத் தம்முடைய நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1442-ம் ஆண்டில், பெராரா நகரத்து அரண்மனைக் கணக்கிலும் இந்தச் சீட்டுகளுக்கான செலவு எழுதப்பட்டிருக்கிறது.

எதற்காக இந்தச் செலவு? குறி பார்ப்பதற்கா? இல்லை. விளையாடுவதற்கு!

மிலான் நகரத்தை ஆண்ட பிரபுக்களுக்காகச் செய்த கட்டு ஒன்று இன்றும் இருக்கிறது. தங்க ரேக்கு ஒட்டி, கையால் வர்ணம் தீட்டிய சீட்டுகள் அவை. 74 சீட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. 35 சீட்டுகள் நியூயார்க் நகரத்தில் உள்ள மார்கன் நூலகத்தில் உள்ளன. 26 சீட்டுகள் இத்தாலியில் பெர்கமோ நகரத்துக் கலைக்கூடத்தில் உள்ளன. மற்ற 13 சீட்டுகள் ஒரு குடும்பத்தின் சொத்து.

முழுக் கட்டு என்பது 78 சீட்டு. அதில் 56 சீட்டு, சாதாரணச் சீட்டுக்கட்டைப் போன்றது. கோல், கிண்ணம், வாள், நாணயம் என்று 4 இனங்கள். ஒவ்வோர் இனத்திலும் 14 சீட்டு. மீதி 22 சீட்டுகள் தனிப் படங்கள். சக்கரவர்த்தி, காதலர், தேர், நீதி, மரணம், சூரியன், சந்திரன் என்று அவற்றுக்குப் பெயர் உண்டு. அவற்றில் ஒன்று கோமாளி. மற்ற 21 சீட்டும் துருப்பு. மற்ற இனங்களை வெட்டி எடுக்கும் சக்தி அவற்றுக்கு உண்டு.

300 ஆண்டுகளுக்கு மேல் இது பெரும்பாலும் சீட்டாட்டமாகவே இருந்தது. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் டாரட் ஆட்டம் ஆடுகிறவர்கள் உண்டு.

பிறகு எகிப்துக் கதை எப்படி வந்தது?

1781-ம் ஆண்டில், கூர் டி ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு புத்தகம் வெளியிட்டார். "டாரட் என்பது எகிப்தியரின் பழைய ஞான நூல்" என்று அதிலே எழுதினார். அந்தக் காலத்தில் எகிப்தியரின் சித்திர எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதைப் படிக்கும் வழியைச் சாம்போலியன் என்ற அறிஞர் 1822-ம் ஆண்டில்தான் வெளியிட்டார். எழுத்தைப் படித்த பிறகும், டாரட் அங்கே பிறந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆனால் கதைக்குக் கால் முளைத்துவிட்டது! அல்லியெட் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர், தம்முடைய பெயரின் எழுத்துக்களைத் தலைகீழாக எழுதி, எட்டெய்லா என்று வைத்துக்கொண்டார். டாரட் சீட்டால் குறி சொல்லும் முறையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். குறி சொல்வதற்கென்றே தனிச் சீட்டுக்கட்டும் வெளியிட்டார். விளையாட்டுச் சாமான் ஜோசியச் சாமான் ஆயிற்று.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த மைக்கேல் டம்மட், 1980-ம் ஆண்டில் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். டாரட் ஆட்டமாகவே தோன்றியது, குறி சொல்லும் வழக்கம் பின்னால் வந்து சேர்ந்தது என்பதை ஆதாரங்களோடு எடுத்துக் காட்டினார்.

ஆகவே, இந்தச் சீட்டில் மந்திரம் எதுவும் இல்லை. மனிதர்கள் வரைந்த படங்கள்தான் இருக்கின்றன. மனிதர்கள் வரைந்த படம் என்பதால், மனிதர்கள் பட்ட பாடும் அதில் இருக்கிறது.

லண்டனில் வரைந்த படங்கள்

இன்று உலகத்தில் மிகவும் பரவியிருக்கும் டாரட் கட்டு, 1909-ம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டனில் வெளியானது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவர் அதற்கு யோசனை கொடுத்தார். பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி படங்களை வரைந்தார். ரைடர் கம்பெனி அதை வெளியிட்டது.

பமீலா 1878-ம் ஆண்டில் லண்டனில் பிறந்தவர். சிறு வயதில் சில ஆண்டுகள் ஜமைக்காவில் வாழ்ந்தவர். அமெரிக்காவில் சித்திரம் படித்தவர். நாடக மேடைக்கும் வேலை செய்தவர். கதை சொல்லுவதில் கெட்டிக்காரி.

அந்தக் கதை சொல்லும் திறமையைச் சீட்டிலும் காட்டினார். பழைய கட்டுகளில் பெரும்பாலும், 4 நாணயம் என்றால் 4 நாணயத்தின் படம் மட்டுமே இருக்கும். பமீலா அங்கே ஒரு மனிதனை உட்கார வைத்தார். 10 கோல் என்றால், அந்த 10 கோலையும் ஒருவன் தலையில் கட்டினார். இப்படி எல்லாச் சீட்டிலும் ஒரு காட்சி!

அந்தக் காட்சிகளில் சிலவற்றை இங்கே பார்க்கலாம்.

10 கோல் சுமப்பவன்

ஒருவன் 10 நீளமான கோல்களை ஒன்றாக அணைத்துத் தூக்கிக்கொண்டு போகிறான். முதுகு வளைந்திருக்கிறது. முகம் கோல்களுக்குள்ளே புதைந்திருக்கிறது. எதிரே ஊர் தெரிகிறது. ஆனால் அவனுக்குத் தெரியாது. கோல் மறைக்கிறது!

அந்த 10 கோலையும் ஒரே தடவையில் தூக்கச் சொன்னது யார்? படத்தில் அதிகாரம் செய்பவன் யாரும் இல்லை. ஐந்து ஐந்தாக இரண்டு நடை போயிருக்கலாம். வழியில் ஒருவனைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வீடு இப்படி ஒருவர் உண்டு. "நான் செய்தால்தான் சரியாக இருக்கும்" என்று எல்லாவற்றையும் தாமே இழுத்துப் போட்டுக்கொள்வார். யாராவது கை கொடுக்க வந்தாலும் விட மாட்டார். பிறகு, "என்னை யாரும் கவனிக்கவில்லை" என்று வருத்தப்படுவார். இந்தப் படம் அவருக்காகவே வரைந்ததைப் போல இருக்கும்.

4 நாணயக்காரன்

ஒருவன் முடி சூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தலைக்கு மேலே ஒரு நாணயம். மார்போடு கட்டிப் பிடித்தபடி ஒரு நாணயம். இரண்டு கால்களுக்கும் அடியில் இரண்டு நாணயம்.

பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவனால் எழுந்திருக்க முடியுமா? காலைத் தூக்கினால் நாணயம் உருண்டுவிடும். கையை நீட்டினால் மார்பில் இருப்பது விழுந்துவிடும். தலையை ஆட்டினாலும் ஆபத்து! பின்னாலே பெரிய நகரம் இருக்கிறது. அதற்குள் போக அவனுக்கு வழி இல்லை.

பணத்தை அவன் காக்கிறானா? பணம் அவனைக் காவலில் வைத்திருக்கிறதா?

8 நாணயத் தொழிலாளி

ஓர் இளைஞன் பலகையில் உட்கார்ந்து, உளியும் சுத்தியலுமாக நாணயத்தைச் செதுக்குகிறான். முடித்த நாணயங்களை வரிசையாக மாட்டி வைத்திருக்கிறான். அவனுடைய கண் வேலையை விட்டு அகலவில்லை.

இது உழைப்பின் பெருமையைக் காட்டும் படம். வேலை என்றால் பாரம் மட்டும் அல்ல. ஒரு பொருளைத் திருத்தமாகச் செய்து முடிப்பதில் ஓர் ஆனந்தம் உண்டு. அந்த ஆனந்தம் இல்லாதவனுக்கு எத்தனை நாள் லீவு கொடுத்தாலும் நிம்மதி வராது.

ஆனால் படத்தின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். தொலைவில் ஒரு ஊர் இருக்கிறது. ஊருக்கும் அவனுக்கும் நடுவே நீண்ட வெளி. வேலை முடிந்ததும் அந்த ஊருக்குத் திரும்பிப் போக அவனுக்கு நினைவு இருக்குமா? அது அவன் கையில் இருக்கிறது.

4 வாள்

போர்வீரன் ஒருவன் கை கூப்பியபடி மல்லாந்து படுத்திருக்கிறான். சுவரில் மூன்று வாள்கள். கீழே ஒரு வாள். இந்தச் சீட்டுக்கு, விலகியிருத்தல், தனிமை, ஓய்வு என்றெல்லாம் வெயிட் பொருள் சொன்னார்.

உற்றுப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும். வீரன் படுத்திருப்பது கட்டில் அல்ல; கல்லறை! அது கல்லறையின் மேல் செதுக்கி வைத்த உருவம்.

வாளைச் சுவரில் மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் படுத்திருக்க உயிரோடு இருக்கும்போது முடியாதா? கல்லாகப் போன பிறகுதான் ஓய்வா? இந்தப் படத்தைப் பார்க்கிறவன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

இரண்டு நாணயம் ஆடும் வாலிபன்

ஒரு வாலிபன் ஒற்றைக் காலைத் தூக்கி ஆடுகிறான். கைக்கு ஒன்றாக இரண்டு நாணயம். இரண்டையும் ஒரு நாடா வளைத்துப் பிணைத்திருக்கிறது. பின்னாலே கடல். அலை மலை போல எழும்புகிறது. இரண்டு கப்பல்கள் ஏறி ஏறி இறங்குகின்றன.

கடல் அடங்கட்டும், பிறகு ஆடுவோம் என்று அவன் காத்திருக்கவில்லை. கடல் என்றைக்கு அடங்கியது? "பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும், கடன் தீரட்டும், பிறகு நிம்மதியாக இருப்போம்" என்று சொல்லிச் சொல்லியே பல பேருக்குத் தலை நரைத்துவிடுகிறது. அலைக்கு நடுவிலேயே காலை ஊன்றவும் தூக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் கலக்கும் தேவதை

இவை எல்லாவற்றுக்கும் மேலான படம் ஒன்று உண்டு. அதன் பெயர் நிதானம். துருப்புகளில் 14-வது சீட்டு.

ஒரு நீர்நிலையின் கரையில் சிறகு விரித்த தேவதை நிற்கிறது. ஒரு கால் தரையில். ஒரு கால் தண்ணீரில். இரண்டு கையிலும் இரண்டு கிண்ணம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீர் பாய்கிறது.

இந்தப் படத்துக்குப் பழைய வரலாறு உண்டு. ஐரோப்பிய ஓவியர்கள் நிதானம் என்ற குணத்தை ஒரு பெண்ணாக வரைவார்கள். அவள் மதுவில் தண்ணீரைக் கலந்துகொண்டிருப்பாள். மதுவைக் கீழே கொட்டிவிடவும் இல்லை. அப்படியே குடித்துவிடவும் இல்லை. வேண்டிய அளவுக்குக் கலக்கிறாள். லத்தீன் மொழியில் இந்தக் குணத்தின் பெயரே, அளவாகக் கலத்தல் என்ற பொருள் கொண்ட சொல்லோடு சேர்ந்தது.

வேலையையும் வாழ்க்கையையும் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தராசைத்தான் நினைக்கிறார்கள். இந்தத் தட்டில் வேலை. அந்தத் தட்டில் வீடு. இரண்டும் சமமாக நிற்க வேண்டும் என்கிறார்கள். எந்த வீட்டில் அது நடக்கிறது? அறுவடைக் காலத்தில் விவசாயி அரை நாள் வீட்டில் இருக்க முடியுமா? குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாய் கணக்குப் பார்த்து அரை நாள் மட்டும் இருப்பாளா?

சரிபாதி என்பது நடவாத காரியம். கலவை என்பது நடக்கக்கூடிய காரியம். இன்றைக்கு வேலை கொஞ்சம் கூட. நாளைக்கு வீடு கொஞ்சம் கூட. சமையல் செய்கிறவளுக்கு இது நன்றாகத் தெரியும். புளியும் உப்பும் சம எடையாகப் போட்டால் குழம்பு ஆகுமா? ருசி பார்த்து ருசி பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். நேற்றைய அளவு இன்றைக்குச் சரிப்படாது.

தேவதையின் கை ஓயவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஊற்றிக்கொண்டே இருக்கிறது. நிதானம் என்பது ஒரு தடவை சம்பாதித்துப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருள் அல்ல. அன்றன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை அது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தக் கட்டில் 13-வது சீட்டு மரணம். 15-வது சீட்டு சாத்தான். இரண்டுக்கும் நடுவே நிற்கிறது நிதானம்! அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று பெரியவர்கள் சொன்னதை, இந்த வரிசை படமாகக் காட்டுவது போல இருக்கிறது.

சொன்னது எப்படிப் பலிக்கிறது?

"அந்தச் சீட்டு என் மனசில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டது" என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

1948-ம் ஆண்டில், அமெரிக்காவில் பெர்ட்ராம் போரர் என்ற மனநூல் ஆசிரியர் ஒரு சோதனை செய்தார். 39 மாணவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும், "இதுதான் உன்னுடைய குணம்" என்று எழுதிய ஒரு காகிதத்தைக் கொடுத்தார். "எவ்வளவு பொருத்தம்? 5-க்கு மார்க் போடுங்கள்" என்றார். சராசரியாக 4-க்கு மேல் மார்க் விழுந்தது!

பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. 39 பேருக்கும் கொடுத்தது ஒரே வாசகம். அதன் பெரும்பகுதியை, கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து அவர் எடுத்திருந்தார்.

"வெளியே தைரியமாக இருக்கிறாய், உள்ளே கவலைப்படுகிறாய்" என்று சொன்னால் யாருக்குத்தான் பொருந்தாது? "உழைப்புக்குத் தகுந்த மதிப்பு உனக்குக் கிடைக்கவில்லை" என்றால் யார்தான் மறுப்பார்கள்? சீட்டு எல்லோருக்கும் பொதுவாகப் பேசுகிறது. கேட்பவர் அதைத் தம்முடைய வாழ்க்கையோடு சேர்த்துக்கொள்கிறார்.

இந்தச் சேர்த்துக்கொள்ளும் வேலையில்தான் பயனும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. 10 கோல் சுமப்பவனைப் பார்த்து, "என்னிடம் இருக்கும் கோல் எத்தனை?" என்று ஒருவர் எண்ணிப் பார்த்தால் அது பயன். "இந்த மாதம் 10 கோல் வந்துவிட்டது, ஆகவே கஷ்டம்தான்" என்று கையைக் கட்டிக்கொண்டால் அது ஆபத்து. கண்ணாடி முகத்தில் உள்ள கறையைக் காட்டும். முகத்தைக் கழுவ வேண்டியது கை!

உடம்பு சீட்டுக்குக் காத்திருக்காது

"சீட்டுப் பார்ப்பதால் என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். பொழுதுபோக்காகப் பார்த்தால் நஷ்டம் இல்லை. செய்ய வேண்டிய காரியத்தை அதற்காகத் தள்ளிப்போட்டால் பெரிய நஷ்டம்.

உலக சுகாதார ஸ்தாபனமும், சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் சேர்ந்து 2021-ம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களையும், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதிகம் உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவிகிதம் கூடுதல். இருதய நோயால் சாகும் அபாயம் 17 சதவிகிதம் கூடுதல். 2016-ம் ஆண்டில் மட்டும், இப்படி நீண்ட நேர உழைப்பின் காரணமாகச் சுமார் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இந்த நோய்களால் இறந்ததாக அந்த ஸ்தாபனங்கள் மதிப்பிட்டன.

மார்பு வலிக்கிறவன் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. சீட்டைக் கலைத்து, "நல்ல காலம் எப்போது?" என்று பார்த்துக்கொண்டிருந்தால் காலம் நிற்காது. மனம் ஒடிந்து, சோறு இறங்காமல், தூக்கம் இல்லாமல் தவிப்பவரும் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். கடன் தொல்லைக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். குடும்பச் சண்டைக்கு எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். இவற்றில் எதையும் படம் செய்யாது.

தராசு யார் கையில்?

டாரட் கட்டில் நீதிக்கும் ஒரு சீட்டு உண்டு. அரியணையில் ஓர் உருவம். வலது கையில் வாள். இடது கையில் தராசு.

வேலையையும் வாழ்க்கையையும் பற்றிப் பேசும்போது, இந்தச் சீட்டைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். "மனசை அடக்கு, மூச்சை இழுத்து விடு, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்கள். மனசை அடக்கலாம். ஆனால் வாடகைக்குப் பணம் போதாததால் இரண்டு இடத்தில் வேலை செய்கிறவன் எதை அடக்குவான்? அவனுக்கு நிதானம் வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால், நியாயமான கூலி கிடைக்க வேண்டாமா?

இதற்கு, அந்தப் படங்களை வரைந்த பமீலாவின் வாழ்க்கையே சாட்சி.

சுமார் 80 படங்கள் வரைந்து முடித்தபின், 1909-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். பெரிய வேலை ஒன்றை முடித்துவிட்டதாகவும், அதற்குக் கிடைத்த பணம் மிகவும் குறைவு என்றும் அதில் தெரிவித்தார். விற்பனையில் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை. கட்டுக்கு ரைடர் பெயரும் வெயிட் பெயரும் வழங்கின. வரைந்தவர் பெயர் விட்டுப்போயிற்று. ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் அவர் போட்ட சிறிய கையெழுத்து மட்டும் நின்றது.

1951-ம் ஆண்டில், இங்கிலாந்தில் பியூட் என்ற கடற்கரை ஊரில் பமீலா காலமானார். கடன் மிஞ்சியது. அந்தக் கடனுக்காக அவருடைய பொருள்களை ஏலம் போட்டார்கள். அவர் வரைந்த சீட்டுகளோ உலகம் முழுவதும் விற்பனையாயின!

நிதானத்தின் தேவதையைத் தீட்டிய கை அது. நீதியின் தராசைத் தீட்டியதும் அதே கைதான். அந்தக் கைக்குத் தராசு நேராக நிற்கவில்லை. இப்போது அந்தக் கட்டைப் பற்றி எழுதுகிற பலர், ஸ்மித் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லுகிறார்கள். நல்லதுதான். ஆனால் உயிரோடு இருந்தபோது கிடைக்காத கூலியை இனி யார் கொடுப்பது?

அந்தச் சீட்டு வெளியாகிப் பத்து ஆண்டு கழித்து, 1919-ம் ஆண்டில், சர்வதேசத் தொழிலாளர் மாநாடு தன்னுடைய முதல் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சாலைகளில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதே அது. தொழிலாளர்கள் நெடுங்காலம் கேட்டு, போராடிப் பெற்றது. யாரும் சீட்டு எடுத்துப் பெற்றதல்ல!

ஆகவே வேலை கொடுப்பவருக்கும் இந்தத் தராசில் பங்கு உண்டு. இரவு 10 மணிக்கு டெலிபோனில் கூப்பிட்டு வேலை ஏவுகிறவர், மறுநாள் "மன அமைதி" பற்றிக் கூட்டம் போட்டு என்ன பயன்? கூப்பிடாமல் இருந்தாலே பாதி அமைதி வந்துவிடும்.

வீட்டுக்குள்ளும் தராசு உண்டு. வெளியே இருவரும் உழைத்து, உள்ளே ஒருத்தி மட்டும் 10 கோலையும் சுமந்தால் அது நிதானம் அல்ல. கணவன் இரண்டு கோலை வாங்கிக்கொள்ளட்டும். வளர்ந்த பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாக ஆளுக்கொரு கோல் எடுக்கட்டும். பாரம் தானாகக் குறையும்.

நான்கு கேள்விகள்

டாரட் கட்டு கையில் இருக்கிறவர்கள் அதை எறிய வேண்டாம். இல்லாதவர்கள் வாங்கவும் வேண்டாம். படங்கள் கேட்கும் கேள்வி போதும். அவற்றுக்குக் காசு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனபின், குடும்பத்தார் ஒன்றாக உட்கார்ந்து இந்த நான்கையும் கேட்டுக்கொள்ளலாம்:

யாருடைய முதுகில் கோல் அதிகமாக இருக்கிறது? அதில் எதை, யார் வாங்கிக்கொள்ள முடியும்?

எந்த நாணயத்தை விட்டுவிடப் பயந்து, காலைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கிறோம்?

இந்த வாரம் வாளைச் சுவரில் மாட்டும் நேரம் எது?

வரும் வாரத்துக் கலவை என்ன? எதைக் கொஞ்சம் கூட்டுவது. எதைக் கொஞ்சம் குறைப்பது?

பதிலைப் பெரியவர் மட்டும் சொல்லக் கூடாது. சிறியவரும் சொல்ல வேண்டும். "அப்பா, நீ சாயங்காலம் என்னோடு பேசுவதே இல்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைவிடத் தெளிவான குறியை எந்தச் சீட்டும் சொல்லாது.

அந்தச் சொல்லைக் கேட்டவன், மறுநாள் அரை மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு வரட்டும். அது போதும். கலவை தொடங்கிவிட்டது!